விண்ணப்பப் பெட்டி

பண்ருட்டிப் பலாமரத்தில் செய்த பெட்டி.
மூடியில் உண்டியலுக்குப் போல ஒரு வெட்டு.
தவறிக் காசு போடுகிறவர்களும் உண்டு.
சனிக்கிழமை மாலை அதைத் திறப்பது என் வேலை.
சாவி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்.

சீட்டுகளைப் பிரித்து, மடிப்பை நீவி,
கோடு போட்ட நோட்டில் எழுதித் தருவேன்,
ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசிப்பார்.
இருபத்திரண்டு வருஷமாய்
கடலூர் முதுநகரின் கவலைகள் எல்லாம்
என் கையெழுத்துக்கு வந்து
அதன் பிறகுதான் மேலே போகின்றன
என்று நினைத்திருந்தேன்.

கரண்ட் பில்லின் முதுகில், காலண்டர் தாளில்,
மாத்திரை அட்டையில்:
கிரியாட்டினின் ஆறு புள்ளி இரண்டு, ஆண்டவரே.
சிங்கப்பூர் ஏஜென்ட் போனை எடுக்கவேண்டும்.
டீசல் கடன்.
சிப்காட்டில் வேலை நிரந்தரமாக.
மாமியார் மனம் மாற.
மருமகள் வாய் அடங்க.
கடைசி இரண்டும் ஒரே வாரம், ஒரே பச்சைப் பேனா.

ஒரு பிள்ளை எழுதியிருந்தது:
நாளைக்குக் கணக்குப் பரீட்சை.
நீங்க ஞாயித்துக்கிழமைதான் படிப்பீங்க.
பரவால்ல, அவருக்குத் தெரியும்.

அதை நான் நோட்டில் ஏற்றவில்லை.
‘தேதி கடந்தது’ என்று மூலையில் குறித்து
கிளிப்பில் செருகினேன்.

ஆகஸ்டில் ஒரு சனி.
உப்பனாற்றுப் பக்கமிருந்து ரசாயன வாடை
ஜன்னலேறி வந்துகொண்டிருந்தது.
நாலாய் மடித்த சீட்டில்
‘தவசீலன்’ என்றிருந்தது. அவ்வளவுதான்.
சுகமா, வேலையா, என்ன வேண்டுமென்று இல்லை.
எங்கள் சபையில் வேறு தவசீலன் கிடையாது.

எனக்கென்ன குறை என்று கோபம் வந்தது.
சந்தா நோட்டை எடுத்தேன், திருமணப் பதிவேட்டை எடுத்தேன்,
‘சீ’யின் சுழியைப் பின்னோக்கி இழுத்து எழுதும் கை
யாருடையதென்று தேடினேன்.
சாட்சிக் கையெழுத்து ஒன்றில் அகப்பட்டது:
ஆபிரகாம் துரைக்கண்ணு.
கல்லறைச் சுவர்க் கணக்கில்
முன்னூற்று நாற்பது ரூபாய் இடிக்கிறதென்று
கமிட்டியில் எழுந்து சொன்னவர்.
மூன்று வருஷமாய் எதிரே வந்தால்
ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

என்னை என்ன செய்யச் சொல்லிக் கேட்கிறார்?
ஒப்புக்கொள்ளவா? படுத்த படுக்கையாய்க் கிடக்கவா?
அடுத்த சனியும் அதே பெயர்.
அதற்கடுத்த சனியும்.
ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்,
துவைக்கிற கல்லில் கூழாகட்டும் என்று.

ஐந்தாவது சீட்டில்தான்
இடறிவிழுந்தேன். புரிந்ததென்று சொல்லமாட்டேன்.
அவர் ஒன்றுமே கேட்கவில்லை.
கேட்டால் தீர்ப்பாகிவிடுமென்று கை நின்றிருக்கலாம்.
பெயரை மட்டும் சுமந்துபோய்
அங்கே இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்,
அடிபட்டவனை ஆஸ்பத்திரி வாசலில் சேர்த்துவிட்டு
வாடகை வாங்காமல் போகும் ஆட்டோபோல.

ரசீது மழையில் கரைந்தது என்று சொல்லியிருந்தேன்.
மழை எதையும் கரைக்கவில்லை.

அந்த ஞாயிறு போதகர் சிதம்பரத்தில், ஓர் அடக்கத்துக்கு.
விண்ணப்பங்களை நீங்களே வாசித்துவிடுங்கள் என்றிருந்தார்.
கிரியாட்டினினை வாசித்தேன், டீசலை வாசித்தேன்.
பிறகு நோட்டில் இல்லாததை,
வேறு யாருடைய பெயரையோ கூப்பிடுவதுபோல்:
தவசீலன்.

எதற்காக என்று சொல்லவேண்டிய இடத்தில்
எனக்கு வார்த்தையில்லை.
மீன் லாரி ஒன்று துறைமுகச் சாலையில்
பின்னோக்கி வந்துகொண்டே இருந்தது.
மூன்றாம் பெஞ்சில் துரைக்கண்ணு
தலை நிமிரவில்லை.
இத்தனை நேரமா என்று
ஒரு குழந்தை அம்மாவைக் கேட்டது.

கிளிப்பிலிருந்த அந்தப் பழைய சீட்டையும் எடுத்தேன்.
கணக்குப் பரீட்சை, என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
சபை, கொஞ்சம் தாமதமாய், ஆமென் சொன்னது.